பள்ளி ஒன்று தொடங்கும் முன்

சென்ற ஆண்டு மார்கழியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என் பழைய மாணவர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். இப்பொழுது அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மேரிலாந்து மாநிலத்தில் குடும்பத்தோடு வாழ்கிறார். அவர் கத்தோலிக்கர். அவருடைய ஊரில் பங்குக் கோயிலைச் சார்ந்து நடந்த தொடக்கப்பள்ளி சில ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்டுவிட்டதாம். ஆகவே பன்னிரண்டு குடும்பத்தினர் ஒன்றுகூடி, கோயில் நிருவாகத்தையோ அரசாங்கத்தையோ சாராமல், பெற்றோர்களே பொறுப்பேற்று நடத்தும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றைத் தொடங்கத் திட்டம் தீட்டியிருக்கிறார்கள். அத்திட்டத்தின் படி ஒன்றையும் உடன் அனுப்பி, “ஐயா, இதில் என்ன குறை என்று தாங்கள் பார்த்துச் சொல்லவேண்டும்” என்று எழுதியிருந்தார்.

திட்டம் நேர்த்தியாக இருந்தது. கட்டடத்தின் வரைபடம் முதல் பக்கத்திலேயே வண்ணத்தில் இருந்தது. பாடத்திட்டம், சீருடை, பள்ளிச் சின்னம், நூலகத்துக்கான புத்தகப் பட்டியல் எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் வரவு செலவுக் கணக்கு இருந்தது. நான் அதைத்தான் முதலில் படித்தேன். முப்பத்தேழு ஆண்டுகள் தொடக்கப்பள்ளிகளிலேயே உழன்றவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

நான் கத்தோலிக்கன் அல்லன். அமெரிக்காவைக் கண்டவனும் அல்லன். ஆயினும் அந்நாட்டிலே கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகள் எழுந்த வரலாற்றை ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்திலிருந்தே விருப்பத்தோடு படித்து வந்திருக்கிறேன். அரசாங்கத்தின் பொருளுதவி ஏறத்தாழ இல்லாமலேயே ஒரு சமூகம் இலட்சக் கணக்கான குழந்தைகளுக்குக் கல்வி கொடுத்த வரலாறு அது. என் மாணவருக்கு விடை எழுதுமுன் அவ்வரலாற்றை ஒருமுறை திரும்பப் பார்த்தேன். அதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மேரிலாந்திலேயே தொடங்குவது பொருத்தம். ஏனெனில் அந்த வரலாற்றின் முதல் அத்தியாயங்களில் இரண்டு அந்த மாநிலத்தில்தான் எழுதப்பட்டன.

எலிசபெத் ஆன் சீட்டன் என்ற பெண்மணி 1774-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தவர். செல்வ வணிகர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவரின் வாணிபம் முறிந்தது, காசநோயும் பற்றியது. நோய் தணியும் என்ற நம்பிக்கையில் இருவரும் மூத்த மகளோடு இத்தாலிக்குக் கப்பலேறினர். 1803-ஆம் ஆண்டு டிசம்பரில் கணவர் அங்கேயே காலமானார். ஐந்து குழந்தைகளோடு இருபத்தொன்பதாம் வயதில் கைம்பெண்ணாகி நின்றார் அவ்வம்மையார். 1805-இல் அவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். அக்கால நியூயார்க்கில் அது சுற்றத்தாரின் வெறுப்பைத் தேடிக்கொள்ளும் செயல். பிழைப்புக்காகப் பள்ளியில் கற்பிக்க முயன்றார், சமயம் மாறிய பெண் தம் பிள்ளைகளின் மனத்தையும் மாற்றிவிடுவாளோ என்ற ஐயம் பெற்றோரிடையே பரவியது, அம்முயற்சி நிலைக்கவில்லை.

1808-இல் பாதிரியார் ஒருவரின் அழைப்பை ஏற்று பால்டிமோர் நகருக்கு வந்தார். அடுத்த ஆண்டே அந்நகரை விட்டு எம்மிட்ஸ்பர்க் என்ற சிற்றூருக்குச் சென்றார். நிலம் வாங்கப் பணம் கொடுத்தவர் சாமுவேல் கூப்பர் என்ற அன்பர். அங்கே தம்மோடு சேர்ந்த பெண்களைக் கொண்டு கன்னியர் சபை ஒன்றை நிறுவினார். அவர்கள் முதலில் தங்கியது ஒரு பழைய கல்வீடு. மழைக்கும் பனிக்கும் அது போதுமானதாக இல்லை. கூரை இடுக்கின் வழியே பனித்தூள் படுக்கைமேல் விழுந்தது. வேறு வீடு கட்டி முடியுமுன்பே அதற்குக் குடிபெயர்ந்தார்கள். 1810-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள், கட்டணமில்லாத பெண்கள் பள்ளியை அங்கே திறந்தார்கள்.

முதல் நாள் வந்த மாணவியர் மூவர்!

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இலவசப் பள்ளி எப்படி நடந்தது? சில திங்கள்களுக்குப் பிறகு, அதே வளாகத்தில் வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்கு விடுதியோடு கூடிய பள்ளியையும் சீட்டன் அம்மையார் தொடங்கினார். அவர்கள் கட்டிய பணம் ஏழைச் சிறுமியரின் கல்விக்கு ஆதாரமாயிற்று. அம்மையார் செய்த ஏற்பாட்டில் ஏழைக் குழந்தையின் இடம் முதலிலேயே குறிக்கப்பட்டது. அந்த இடத்தைக் காப்பாற்றும் வழி அதன் பின்னர் தேடப்பட்டது. இந்த வரிசையை நான் என் மாணவருக்கு அடிக்கோடிட்டு எழுதினேன். தம் பெண்கள் இருவரை எம்மிட்ஸ்பர்க்கிலேயே அடக்கம் செய்துவிட்டு, அம்மையார் 1821-இல் மறைந்தார். 1975-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அமெரிக்காவிலே பிறந்தவர்களுள் அப்பெருமை முதலில் பெற்றவர் அவரே.

இரண்டாவது அத்தியாயம் பால்டிமோர் நகருக்குரியது. மேரி எலிசபெத் லாங்கே என்ற கறுப்பினப் பெண்மணி கியூபாவிலிருந்து அங்கு வந்தவர். அடிமை முறை சட்டப்படி நிலவிய மாநிலம் அது. நகரத்து அரசினர் பள்ளிகள் அப்பொழுதுதான் தோன்றவிருந்தன. தோன்றிய போதும் அவற்றில் கறுப்புக் குழந்தைகளுக்கு இடமில்லை. லாங்கே அம்மையார் ஒரு தோழியோடு சேர்ந்து தம் வீட்டிலேயே அக்குழந்தைகளுக்கு இலவசமாகக் கற்பித்து வந்தார். ஜூபேர் என்ற பிரெஞ்சுப் பாதிரியாருக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவரிடம் ஞாயிறுதோறும் மறைக்கல்வி பயில வந்த கறுப்புக் குழந்தைகளுக்கு எழுத்தறிவு இல்லை; படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடத்தை எப்படிப் பதியவைப்பது? எழுத்தறிவித்தல் முதலில் வேண்டும் என்று உணர்ந்தார். இருவர் தேவையும் ஒன்று சேர்ந்தது. 1828-இல் பள்ளி தொடங்கிற்று. 1829-இல் கறுப்பினப் பெண்களுக்கான கன்னியர் சபை பிறந்தது. அமெரிக்க நாட்டில் நிலைபெற்ற அத்தகைய சபைகளுள் அதுவே முதலாவது.

1843-இல் ஜூபேர் பாதிரியார் மறைந்தார். ஆதரிப்பார் இல்லை. கன்னியர் பிறர் வீட்டுத் துணிகளைத் துவைத்தும் தேய்த்தும் தைத்தும் கிடைத்த காசில் பள்ளியைக் காத்தார்கள். பகலில் கரும்பலகை, இரவில் சலவைத் தொட்டி. அந்தப் பள்ளி இன்றும் பால்டிமோரில் நடக்கிறது. லாங்கே அம்மையார் 1882-இல் காலமானார்.

இவை இரண்டும் தனி மனிதர்களின் துணிவால் எழுந்தவை. பங்குதோறும் பள்ளி என்ற பேரியக்கம் எழுந்ததற்குக் காரணம் வேறு. அது ஒரு வழக்கிலிருந்து பிறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஏழைக் கத்தோலிக்கர் கூட்டங்கூட்டமாக அமெரிக்கக் கரை இறங்கினர். அங்கிருந்த பொதுப் பள்ளிகள் எல்லாச் சமயத்தாருக்கும் உரியன என்று சொல்லப்பட்டன. ஆனால் அவற்றில் நாள்தோறும் படிக்கப்பட்டது புரொட்டஸ்டண்டு சபையார் கையாளும் விவிலிய மொழிபெயர்ப்பு. நியூயார்க் மேற்றிராணியார் ஜான் ஹியூஸ், கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் பொதுப் பணத்தில் பங்கு வேண்டும் என்று 1840-ஆம் ஆண்டிலிருந்து வாதாடினார். 1842-இல் சட்டம் ஒன்று பிறந்தது. அது பொதுப் பள்ளிகளின் நிருவாகத்தை மாற்றியதேயன்றி, சமயப் பள்ளிகளுக்கு ஒரு காசும் தரவில்லை. பிலடெல்பியாவில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. கத்தோலிக்கக் குழந்தைகள் தங்கள் விவிலியத்தையே படிக்க அனுமதிக்கவேண்டும் என்று அங்கே மேற்றிராணியார் கென்ரிக் கேட்டிருந்தார். இது பெரும் பகையாக மூண்டு, 1844-இல் கலகமாய் வெடித்தது. கோயில்கள் தீக்கிரையாயின, உயிர்கள் மாண்டன. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்ற வினா, தெருவில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது.

இதன் பிறகு, ‘நம் பள்ளியை நாமே கட்டுவோம்’ என்ற உறுதி வலுப்பெற்றது. 1852-இல் பிலடெல்பியாவின் மேற்றிராணியாராக வந்த ஜான் நியூமன், பங்குப் பள்ளிகளை ஒரே மறைமாவட்ட ஏற்பாட்டின் கீழ்க் கொண்டுவந்தார். 1884-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் திங்கள்களில் பால்டிமோரில் கூடிய மூன்றாவது பொதுச் சங்கம், இரண்டு ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பங்குக் கோயிலின் அருகிலும் பள்ளி ஒன்று எழுப்பப்படவேண்டும் என்று கட்டளையிட்டது. கட்டளை முழுதும் நிறைவேறவில்லை என்பது உண்மையே. எனினும் கூலி வேலை செய்த குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையில் சேர்த்த சிறு காசுகளால் ஆயிரக் கணக்கில் பள்ளிகள் எழுந்தன.

அரசாங்கத்தோடு சமரசம் காண முயன்றவர்களும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் பொக்கீப்சி என்ற ஊரில் 1873-இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஊர்க் கல்விக் குழுவினர் பங்குப் பள்ளிக் கட்டடத்தை ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சமயப் பாடம் பள்ளி நேரத்துக்குப் புறம்பே நடந்தது. கால் நூற்றாண்டு ஓடிய அந்த ஏற்பாடு, கன்னியர் தம் சபை உடையோடு கற்பிக்கலாகாது என்ற தடையால் 1898-இல் முறிந்தது.

இதை நம் நாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசாங்கம் மானியம் வழங்கும் முறையை இங்கே வகுத்தது. இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய நிருவாகங்களின் கீழ் உள்ள உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் அரசாங்கக் கருவூலத்திலிருந்தே வருகிறது. நானும் முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்வாறு சம்பளம் பெற்றவன்தான். மானியத்துக்குப் பழகிய நமக்கு, மானியமே இல்லாத பள்ளியின் கவலைகள் எளிதில் விளங்குவதில்லை. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கே பள்ளி நடத்தும் உரிமைக்கே ஒரு சமயம் ஆபத்து வந்தது.

1922-ஆம் ஆண்டு நவம்பரில் ஆரிகன் மாநிலத்து வாக்காளர் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் யாவரும் அரசினர் பொதுப் பள்ளிக்கே செல்லவேண்டும் என்பது அச்சட்டம். சில விலக்குகள் தவிர, மற்றப்படி பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் தண்டனைக்குரியவர். கு க்ளக்ஸ் கிளான் என்ற இனவெறிக் கூட்டம் இதற்கு மும்முரமாக ஆதரவு திரட்டியது. 1926-இல் அது நடைமுறைக்கு வந்திருந்தால் அம்மாநிலத்தில் தனியார் தொடக்கப்பள்ளிகள் இல்லாமலே போயிருக்கும்.

இயேசு மரியா திருநாமங்களின் கன்னியர் சபையார் நீதிமன்றம் ஏறினர். அவர்கள் 1859-ஆம் ஆண்டிலிருந்தே ஆரிகனில் பள்ளி நடத்தி வந்தவர்கள். சமயத் தொடர்பு இல்லாத இராணுவப் பயிற்சிப் பள்ளி ஒன்றும் அவர்களோடு வழக்காடியது. 1925-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு மனதாகத் தீர்ப்புக் கூறியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி மெக்ரெனால்ட்ஸ். பிள்ளை அரசாங்கத்தின் படைப்புப் பொருள் அன்று. அவனை வளர்த்து வழிநடத்துவோருக்கு அவன் கல்வியைத் தெரிந்தெடுக்கும் உரிமையும் கடமையும் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே தீர்ப்பு மற்றொன்றையும் ஏற்றுக்கொண்டது: பள்ளிகளைப் பார்வையிடவும், ஆசிரியரின் தகுதியையும் ஒழுக்கத்தையும் உறுதிசெய்யவும், நல்ல குடிமக்களுக்கு இன்றியமையாத பாடங்கள் கற்பிக்கப்படுகின்றனவா என்று பார்க்கவும் அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. முதற்பகுதியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், பிற்பகுதியை மறந்துவிடுகிறார்கள். பள்ளி தொடங்குவோர் இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

உரிமை நிலைத்தது. பள்ளிகள் பெருகின. 1960-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 13,000 கத்தோலிக்கப் பள்ளிகளில் 52 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள்.

இவ்வளவு பெரிய கட்டடத்தின் அடித்தளம் எது? ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இந்தக் கேள்விதான் என்னை எப்பொழுதும் உறுத்தியது. அடித்தளம், கன்னியரின் உழைப்பு. அவர்கள் பெற்றது சம்பளம் என்று சொல்லத்தக்கது அன்று; உணவும் உறைவிடமும் சிறிது கைச்செலவுமே. ஒரு வகுப்பில் ஐம்பது அறுபது பிள்ளைகள் அமர்ந்திருப்பது வழக்கமாக இருந்தது. இளம் கன்னியர் பலர் பட்டமோ முழுமையான பயிற்சியோ முடியாமலே வகுப்பறைக்கு அனுப்பப்பட்டனர். பிறகு கோடை விடுமுறைதோறும் சிறிது சிறிதாகப் படித்துப் பட்டம் பெற இருபது ஆண்டுகள் கூட ஆயின.

1949-இல் இண்டியானா மாநிலத்துக் கல்லூரித் தலைவி மடலீவா என்ற கன்னியாஸ்திரீ, கத்தோலிக்கக் கல்விச் சங்கக் கூட்டத்தில் இதைக் குறித்துப் பேசினார். லூசி என்ற கற்பனைக் கன்னி ஒருத்தியை அவையின் முன் நிறுத்தினார். பிற பள்ளி ஆசிரியைக்கு உரிய படிப்பும் பயிற்சியும் இந்த லூசிக்கு ஏன் மறுக்கப்படவேண்டும், அவள் ஏன் அரைகுறையாக வகுப்புக்குள் தள்ளப்படவேண்டும் என்று கேட்டார். அக்கேள்வி வீண்போகவில்லை. 1954-இல் கன்னியரின் கல்விப் பயிற்சிக்கென ஓர் அமைப்பே தோன்றியது. நானும் பயிற்சி இல்லாத நல்ல உள்ளங்கள் வகுப்பறையில் திணறுவதைக் கண்டிருக்கிறேன். பக்தி இருந்தால் போதும், பாடம் தானே வரும் என்று எண்ணுவது குழந்தைக்கு இழைக்கும் தீங்கு.

1965-இல் அந்நாட்டில் கன்னியர் தொகை ஏறத்தாழ 1,80,000. அதன் பிறகு அத்தொகை இறங்கத் தொடங்கியது. கன்னியர் இருந்த இடத்தில் இல்லறத்து ஆசிரியர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வீடு உண்டு, மக்கள் உண்டு, சம்பளம் வேண்டும். ஆசிரியர் சம்பளத்துக்கு மாநிலங்கள் உதவ முயன்றபோது, 1971-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆகவே கட்டணம் உயர்ந்தது. கட்டணம் உயரவே ஏழைகள் விலகினர். நகரத்து மக்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்ததும் சேர்ந்துகொண்டது. பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இந்நாளில் ஏறத்தாழ 6,000 பள்ளிகளில் 17 இலட்சம் பிள்ளைகளே பயில்கின்றனர். நூறு ஆசிரியரில் கன்னியரும் துறவியரும் இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லை. 2002-இல் வந்த மற்றொரு தீர்ப்புக்குப் பின், பெற்றோரின் கையில் உதவிச் சீட்டாகப் பணம் கொடுக்கும் முறை சில மாநிலங்களில் பரவியிருக்கிறது. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவது. அதை நம்பி மட்டும் பள்ளி தொடங்க முடியாது.

இவ்வாறு பங்குப் பள்ளி மூடிய ஊர்களில்தான் என் மாணவரைப் போன்ற பெற்றோர்கள் தாமே பள்ளி தொடங்க முன்வருகிறார்கள். அங்கே ஒரு நுட்பம் உண்டு. தாம் கத்தோலிக்கர் என்பதாலேயே தம் பள்ளிக்குக் கத்தோலிக்கப் பள்ளி என்று பெயரிட்டுவிட முடியாது. 1983-ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 803-ஆம் விதிப்படி, தகுந்த திருச்சபை அதிகாரியின் இசைவு இல்லாமல் எந்தப் பள்ளியும் அப்பெயரைத் தாங்கலாகாது. நிருவாகத்தில் சுதந்திரம் இருக்கலாம், பெயரில் இல்லை. என் மாணவரின் திட்டத்தில் பள்ளிச் சின்னம் இருந்தது. மேற்றிராணியாருக்கு எழுதும் விண்ணப்பம் இல்லை. இது முதற்குறை.

மற்றக் குறைகளைச் சொல்லுமுன் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறவேண்டும்.

பயிற்சி முடித்து வெளிவந்ததும், 1980-இல், ஒரு சிற்றூரில் புதிதாகத் தொடங்கிய தனியார் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் நல்லெண்ணத்தோடு தொடங்கிய பள்ளி அது. அவர்கள்மேல் இன்றும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் கையிலிருந்த பணம் முழுவதையும் கட்டடத்தில் போட்டுவிட்டார்கள். முகப்பில் தூண்கள் எழுந்தன. ஆசிரியர் சம்பளம் இரண்டு திங்கள் நின்றது, பிறகு நான்கு திங்கள் நின்றது. ஆசிரியர் ஒவ்வொருவராக விலகினர். இரண்டாம் ஆண்டு தைப்பொங்கல் விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கவில்லை.

கல்வியாண்டின் நடுவில், நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கும் மாற்றுச் சான்றிதழ் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு, “சார், நான் பெயில் ஆயிட்டேனா?” என்று கேட்டாள். இல்லை அம்மா, பள்ளிக்கூடந்தான் பெயிலாகிவிட்டது என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. அவள் தகப்பனார் கூலி வேலை செய்பவர். அவர் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கவில்லை. அருகில் இருந்த வேறு பள்ளியில் ஆண்டு நடுவில் சேர்க்க மறுத்துவிட்டார்கள் என்று பிறகு அறிந்தேன். அந்த ஆண்டு அவளுக்கு வீணாயிற்று. நாற்பத்து மூன்று சான்றிதழ்களிலும் கையெழுத்து என்னுடையதன்று, எழுத்து என்னுடையது.

அந்தத் திண்ணையை நினைத்துக்கொண்டுதான் என் மாணவருக்கு விடை எழுதினேன். அதன் சுருக்கம் இது:

“தம்பி, உங்கள் வரைபடத்தைச் சிறிது காலம் பெட்டிக்குள் வையுங்கள். சீட்டன் அம்மையார் தொடங்கியபோது நல்ல கூரைகூட இல்லை. வாடகைக்கு இரண்டு அறை கிடைத்தால் போதும். முதல் இரண்டு வகுப்புகளோடு தொடங்குங்கள். ஆண்டுக்கு ஒரு வகுப்பாக வளருங்கள்.

மேற்றிராணியாரின் இசைவை முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். மாநிலக் கல்வித் துறையின் விதிகளையும் முன்கூட்டியே அறிந்து நிறைவேற்றுங்கள். இரண்டையும் தடை என்று எண்ணாதீர்கள். இரண்டுமே உங்கள் பிள்ளையின் சான்றிதழுக்குப் பாதுகாப்பு.

ஆசிரியர் சம்பளம் மூன்று ஆண்டுகளுக்குப் போதுமான அளவு கையில் சேரும் வரை பள்ளியைத் திறக்காதீர்கள். உங்கள் கணக்கில் ஆசிரியைகள் ‘தொண்டு மனப்பான்மையோடு’ குறைந்த ஊதியத்துக்கு வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கன்னியருக்குப் பின்னால் மடம் இருந்தது. நோயுற்றால் பார்க்கவும் முதுமையில் தாங்கவும் சபை இருந்தது. உங்கள் ஆசிரியைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? தொண்டைப் பிறரிடம் எதிர்பார்த்துத் திட்டம் போடக்கூடாது. பயிற்சி பெற்றவர்களையே தேடுங்கள்; பயிற்சிக்குரிய ஊதியத்தையும் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. பன்னிரண்டு குடும்பங்களின் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கட்டணம் கட்ட இயலாத ஒரு குழந்தைக்கும் அந்தக் கணக்கில் இடம் காணவில்லை. ‘பள்ளி நிலைபெற்ற பிறகு பார்த்துக்கொள்வோம்’ என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். நிலைபெற்ற பிறகு அந்த இடம் பிறந்ததாக நான் அறியேன். உங்கள் மாநிலத்திலேயே, உங்களினும் வறியவர்களாய் இருந்த இரண்டு பெண்மணிகள் அந்த இடத்தை முதல் நாளே ஒதுக்கினார்கள். நீங்களும் முதல் நாளே ஒதுக்குங்கள். அதற்காகச் செலவில் எதைக் குறைக்கலாம் என்று பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். உடன்பாடு ஏற்படவில்லையென்றால், ஓராண்டு தள்ளிப் போடுங்கள். திறவாத பள்ளியால் எந்தக் குழந்தைக்கும் ஆண்டு வீணாவதில்லை.”

இரண்டு திங்களுக்குப் பிறகு மறுமொழி வந்தது. வரைபடத்தை ஒதுக்கிவிட்டார்களாம். மேற்றிராணியாருக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார்களாம். ஆசிரியர் சம்பளத்துக்கென்று தனி நிதி சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்; ஆகவே பள்ளி திறப்பது ஓராண்டு தள்ளிப்போகிறது. இலவச இடத்தைப் பற்றிய பேச்சில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லையாம். மூன்று கூட்டங்கள் கூடியும் முடிவாகவில்லை. இரண்டு குடும்பங்கள் வருத்தத்தோடு விலகிக்கொண்டன. “எஞ்சியவர்கள் பத்துக் குடும்பத்தினர், ஐயா. அடுத்த கூட்டத்தில், முதல் ஆண்டு சேர்க்கும் பதினாறு பிள்ளைகளில் இருவருக்குக் கட்டணம் இல்லை என்ற தீர்மானத்தை நானே கொண்டுவரப் போகிறேன். நிறைவேறுமா என்று தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறார்.

பதினாறில் இரண்டு. எம்மிட்ஸ்பர்க்கில் முதல் நாள் வந்தவர்கள் மூவர்தாமே. அந்தத் தீர்மானம் நிறைவேறவேண்டும் என்று காத்திருக்கிறேன்.